அசைவை அளந்த கைகள்



தங்களுக்கு இயற்பியல் கற்பித்த ஆசிரியரின் நினைவைப் போற்ற, பழைய மாணவர்கள் ஒன்றுகூடி நிறுவிய அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. கரும்பலகை முன் நின்ற நேரத்தைவிடச் செய்முறைக் கூடத்தில் மாணவர்களோடு அவர் நின்ற நேரமே அதிகம் என்று அழைப்பு மடலோடு வந்த குறிப்பில் படித்தேன். அதைப் படித்ததுமே என் தலைப்பு முடிவாகிவிட்டது. அசைவை அளக்கும் கருவிகளைப் பற்றியும் அவற்றைச் செய்தவர்களைப் பற்றியும் இன்று பேசப்போகிறேன்.

மேசைமேல் மவுஸை நகர்த்துகிறோம், திரையில் அம்புக்குறி நகர்கிறது. கைப்பேசியைச் சாய்க்கிறோம், படமும் திரும்புகிறது. பட்டறையில் சி.என்.சி. இயந்திரம் இரும்பைச் சில மைக்ரான் துல்லியத்தில் சீவுகிறது. மூன்று இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: ஒரு பொருள் எவ்வளவு நகர்ந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது? இதற்கு விடை காண மனிதகுலம் இருநூற்றைம்பது ஆண்டுகளாக உழைத்திருக்கிறது. அந்த உழைப்பில் பெரும்பகுதி கணினிக் கூடங்களில் நடக்கவில்லை. கப்பல் கருவி செய்தவர்களின் பட்டறையிலும், கண்ணாடி தேய்த்தவர்களின் கொட்டகையிலும், சூரியனைப் பார்த்தவர்களின் மலை உச்சியிலும் நடந்தது. கருத்தைச் சொன்னவர்களின் பெயர் நம் பாடநூல்களில் இருக்கிறது. கருவியைச் செய்து முடித்தவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. கருவி செய்வது அறிவியலுக்குத் துணை வேலை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அது தவறு என்பதே நான் சொல்ல வந்தது.

பாகையைப் பிரித்தவர்

பதினெட்டாம் நூற்றாண்டில் நடுக்கடலில் போகும் மாலுமிக்குத் தான் இருக்கும் இடம் தெரிய வேண்டுமென்றால், நிலவுக்கும் ஒரு விண்மீனுக்கும் இடையே உள்ள கோணத்தை அளந்து தீர்க்கரேகையைக் கணக்கிடுவது ஒரு வழி. அந்தக் கோணத்தில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு, பிழையானால் போதும். தீர்க்கரேகை அரைப் பாகை பிசகிவிடும். நிலநடுக்கோட்டருகே அது சுமார் 55 கிலோமீட்டர். பாறை எங்கே, கரை எங்கே என்று தெரியாமல் கப்பல் மோத அது தாராளமாகப் போதும்.

ஆகவே கோணமானியின் வில்லில் கிழிக்கும் கோடுகள்தாம் உயிரைக் காத்தன. அந்தக் கோடுகளைத் தேர்ந்த கைவினைஞர்கள் கவராயம் கொண்டு ஒவ்வொன்றாகக் கிழித்தார்கள். வேலை மெதுவானது, விலையும் அதிகம். இந்த நிலையை மாற்றியவர் ஜெஸ்ஸி ராம்ஸ்டன். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் விடுதி நடத்தியவரின் மகன். முதலில் துணித் தொழில் பழகியவர். 45 அங்குல விட்டமுள்ள ஒரு சக்கரம் செய்து, அதன் விளிம்பில் 2,160 பற்கள் வெட்டி, அதோடு ஒரு திருகைப் பொருத்தினார். திருகை ஆறு சுற்று சுற்றினால் சக்கரம் சரியாக ஒரு பாகை திரும்பும். ஒரு சுற்று என்பது பத்துக் கலை. திருகின் தலையில் உள்ள அளவுகோலைப் பார்த்து அதற்கும் நுண்ணிய கோணத்தைத் திருப்பலாம். சிறு அசைவு தேவையென்றால் பெரிய அசைவு ஒன்றைத் திருகின் வழியே குறுக்கிக்கொள் என்பதுதான் இதன் சாரம்.

பிரிட்டனின் தீர்க்கரேகை வாரியம் அவருக்கு 615 பவுண்டு வழங்கியது. சும்மா வழங்கவில்லை. இயந்திரத்தின் உரிமை வாரியத்துக்கு வர வேண்டும், அதைச் செய்யும் முறையைப் பிற கருவியாளர்களுக்கு அவர் கற்றுத்தர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு வழங்கியது. செய்முறை விளக்கம் 1777-ல் நூலாக அச்சானது. ஒருவர் கையில் இருந்த திறமை ஒரு நாட்டின் சொத்தான விதம் இது. பணம் கொடுத்து அறிவைப் பொதுவாக்கிய அந்த ஏற்பாடு இன்றைய அரசுகளும் ஆழ்ந்து பார்க்க வேண்டிய முன்மாதிரி.

கோடு கிழித்தவர்கள்

அடுத்த நூற்றாண்டில் இதே திருகு ஒளியை ஆராய வந்தது. நெருக்கமாக, இணையாகக் கோடுகள் கிழித்த ஒரு பரப்பில் ஒளி பட்டால் அது நிறங்களாகப் பிரியும். இதற்குக் கீற்றணி என்று பெயர். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர், ஏழைக் கண்ணாடித் தொழிலாளியின் மகன், 1821-ல் மெல்லிய கம்பிகளை இணையாகக் கட்டிக் கீற்றணிகளைச் செய்து அலைநீளங்களை அளந்தார். ஆனால் நல்ல கீற்றணி வேண்டுமென்றால் கோடுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். இடைவெளியில் சீராகத் திரும்பத் திரும்ப வரும் பிழை இருந்தால், இல்லாத இடத்தில் பொய்க் கோடுகள் நிறமாலையில் தோன்றும். இயற்கை சொல்லாததைக் கருவி சொல்லிவிடும்.

இந்தச் சிக்கலை முட்டி மோதி வென்றவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹென்றி ரோலண்ட். 1882 வாக்கில் அவரது கோடு கிழிக்கும் இயந்திரம் அங்குலத்துக்கு 14,438 கோடுகள் கிழித்தது. இரண்டு கோடுகளுக்கிடையே 1.76 மைக்ரோமீட்டர்தான். வைர முனை ஒரு கோட்டைக் கிழிக்கும், திருகு ஒரு துளி திரும்பும், தகடு நகரும், வைர முனை அடுத்த கோட்டுக்கு இறங்கும். ஒரு கீற்றணி முடியப் பல நாள் ஆகும். அறையின் வெப்பநிலை சற்று மாறினால் உலோகம் விரியும், கோடுகளின் வரிசை கெடும். அதனால் இயந்திரத்தை நிலவறையில் வைத்தார்கள்.

இதில் உயிர்நாடி திருகுதான். கடைசல் இயந்திரத்தில் எவ்வளவு கவனமாகக் கடைந்தாலும், அந்த இயந்திரத்தின் குறை திருகின் மரையிலும் இறங்கிவிடும். ரோலண்ட் என்ன செய்தார்? நீளவாக்கில் பிளந்த ஒரு நெடிய நட்டைத் திருகின்மேல் பூட்டி, எண்ணெயும் எமரிப் பொடியும் இட்டு, முன்னும் பின்னுமாக ஓட்டித் தேய்க்கச் செய்தார். அவ்வப்போது நட்டைத் திருப்பிப் போட்டு மறுபடியும் ஓட்டினார்கள். நெடிய நட்டு ஒரே நேரத்தில் பல மரைகளைப் பிடிப்பதால், மேடான இடம் கூடுதலாகத் தேயும், பள்ளமான இடம் குறைவாகத் தேயும். நாள்பட நாள்பட மரை முழுவதும் ஒரே சீருக்கு வரும். தன்னைச் செய்த இயந்திரத்தைவிடத் துல்லியமான திருகு இப்படித்தான் பிறந்தது. துல்லியத்தின் வரலாற்றில் இதைவிட ஆழமான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. குறையுள்ள கருவியைக் கொண்டு குறை குறைந்த கருவியைச் செய்யலாம். பொறுமை வேண்டும், பிழை எங்கிருந்து வருகிறது என்ற தெளிவு வேண்டும்.

ரோலண்டின் இயந்திரத்தைக் கட்டி ஓட்டியவர் தியோடர் ஷ்னைடர் என்ற இயந்திரக் கலைஞர். கீற்றணிக்கான உலோகத் தகடுகளைச் சமதளமாகத் தேய்த்து மெருகேற்றிக் கொடுத்தவர் பிட்ஸ்பர்க் நகரத்து ஜான் பிராஷியர். அவர் இரும்பாலையில் இயந்திரப் பணியாளராகப் பகலெல்லாம் உழைத்து, இரவில் மனைவியோடு சேர்ந்து வில்லை தேய்க்கக் கற்றுக்கொண்டவர். இந்த மூவர் கையும் சேர்ந்துதான் அக்கால உலகத்தின் தலைசிறந்த கீற்றணிகள் உருவாகி, நாடு நாடாக ஆய்வகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 1901-ல் ரோலண்ட் மறைந்தபின், அவரது அஸ்தியை அந்த இயந்திரம் இருந்த நிலவறைச் சுவரிலேயே வைத்தார்கள்.

ஒளியே அளவுகோல்

ரோலண்ட் கோடு கிழித்து ஒளியை அளந்தார். ஆல்பர்ட் மைக்கேல்சன் ஒளியைக் கொண்டு நீளத்தை அளந்தார். அவர் 1881-ல் உருவாக்கிய குறுக்கீட்டுமானியின் அமைப்பைச் சில வாக்கியங்களில் சொல்லிவிடலாம். ஒளிக்கற்றையைப் பாதி வெள்ளி பூசிய கண்ணாடியால் இரண்டாகப் பிரி. ஒன்றை நேரே அனுப்பு, மற்றதைச் செங்குத்தாக அனுப்பு. இரண்டையும் ஆடிகளால் திருப்பி ஒன்றுசேர். சேரும் இடத்தில் ஒளியும் இருளும் மாறி மாறி வரிப்பட்டைகளாகத் தெரியும். ஓர் ஆடியை அரை அலைநீளம் நகர்த்தினால், ஒரு பட்டை முழுதாகக் கடந்துபோகும். காட்மியத்தின் சிவப்பு ஒளியை எடுத்துக்கொண்டால் அந்த அரை அலைநீளம் 0.32 மைக்ரோமீட்டர். கடந்துபோகும் பட்டைகளைக் கண்ணால் எண்ணியே அவ்வளவு சிறிய அசைவை அளந்துவிடலாம்.

இந்தக் கருவியைக் கொண்டு மைக்கேல்சனும் மார்லியும் 1887-ல் கிளீவ்லாந்தில் செய்த சோதனையை எல்லா மாணவர்களும் படித்திருப்பீர்கள். ஈதர் என்ற ஊடகத்தினூடே பூமி நகர்வதைக் காட்டும் பெயர்ச்சி சுமார் 0.4 பட்டை இருக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னது. அவர்கள் கண்டது அதில் மிகச் சிறு பகுதிகூட இல்லை. நான் இங்கே சுட்ட விரும்புவது அந்தக் கருவி இருந்த இருப்பை. ஒன்றரை மீட்டர் சதுரமான கனத்த கல் பலகைமேல் ஆடிகளைப் பொருத்தி, அந்தக் கல்லைப் பாதரசத்தில் மிதக்கவிட்டிருந்தார்கள். தெருவில் வண்டி போகும் அதிர்வு பட்டைகளைக் குலைக்காமல் இருக்கவும், கருவியை நெளியாமல் சுழற்றவும் அதுவே வழி. ‘இல்லை’ என்ற அந்த விடையை உலகம் நம்பியதற்கு அந்தக் கல்லும் பாதரசமும் காரணம். கருவி சற்றுத் தளர்வாக இருந்திருந்தால், விடை தெளிவில்லை என்று சொல்லி எல்லாரும் கடந்து போயிருப்பார்கள்.

1892-93-ல் பாரிஸ் அருகே செவ்ரில் உள்ள அனைத்துலக எடை அளவுக் கழகத்தில், ஒரு மீட்டருக்குள் காட்மியச் சிவப்பு ஒளியின் அலைகள் எத்தனை என்று மைக்கேல்சன் எண்ணினார். விடை 15,53,163.5. உலோகக் கோலில் பொறித்த மீட்டரை ஒளி அலைகளோடு பொருத்திய முதல் அளவீடு அது. 1907-ல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுக் குறிப்பு அவருடைய துல்லிய ஒளியியல் கருவிகளையே முதலில் சொல்கிறது. அவற்றைக் கொண்டு செய்த ஆய்வுகள் அதற்கு அடுத்துத்தான் வருகின்றன. கருவி செய்வதும் அறிவியல்தான் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை.

மைக்கேல்சனும் பல ஆண்டுகள் சிகாகோவில் கோடு கிழிக்கும் இயந்திரத்தோடு மல்லாடினார். அவர் தொடங்கிவைத்த இயந்திரம் பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குப் போனது. அங்கே 1955-ல் ஜார்ஜ் ஹாரிசன் அதில் ஒரு குறுக்கீட்டுமானியையே பொருத்தினார். தகடு நகர நகர வரிப்பட்டைகள் அதன் இடத்தைச் சொல்லும். பிழை தெரிந்தால் இயந்திரம் தானே திருத்திக்கொள்ளும். அசைவை அளந்து, அந்த அளவைக் கொண்டே அசைவைக் கட்டுப்படுத்தும் முறை இது. இன்றைய தானியங்கி இயந்திரம் ஒவ்வொன்றிலும் இதுவே நடக்கிறது.

கொடைக்கானலில் ஒரு நிறமாலைமானி

இந்த வரலாற்றில் நம் மண்ணுக்கும் இடம் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் தோன்றியது. 1907-ல் அங்கே பணிக்கு வந்த ஜான் எவர்ஷெட், தம் கருவிகளைத் தாமே அமைத்துக்கொள்ளும் வழக்கமுள்ளவர். கீற்றணி கொண்ட நிறமாலைமானியைத் தாமே பொருத்தி, சூரியப் புள்ளிகளின் ஒளியைப் படம்பிடித்தார். 1909 ஜனவரியில் புள்ளியின் வெளிப்பகுதியில் நிறமாலைக் கோடுகள் சற்றே சாய்ந்திருப்பதைக் கண்டார். புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கி வாயு பாய்கிறது என்று அந்தச் சாய்வு சொன்னது. வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். இன்றும் உலகம் இதை எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கிறது.

அந்த அளவீட்டின் நுண்மையைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒளியின் வேகத்தில் இது ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. 600 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியில் பெயர்ச்சி 0.004 நானோமீட்டர். பதினைந்து கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால் நடக்கும் ஓர் அசைவை, பழனி மலைத்தொடரில் உட்கார்ந்துகொண்டு ஒரு தகட்டின் கோடுகள் வழியே ஒருவர் படித்துவிட்டார். ரோலண்டின் நிலவறையில் எமரிப் பொடியோடு நடந்த வகை வேலைக்குக் கொடைக்கானலில் கிடைத்த பலன் என்று இதைச் சொல்லலாம்.

பட்டறைக்கு வந்த கீற்றணி

இரண்டு கொசுவலைத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால், இரண்டு துணியிலும் இல்லாத அகன்ற பட்டைகள் தெரியும். ஒன்றைச் சற்றே இழுத்தால் அவை வெகுதூரம் ஓடும். இவற்றை மொய்ரே பட்டைகள் என்பார்கள். இரண்டு கீற்றணிகளை இப்படி வைத்துப் பார்க்கலாம் என்று ராலே பிரபு 1874-லேயே எழுதினார். ஒரு கீற்றணி ஒரு கோட்டு இடைவெளி நகர்ந்தால் மொய்ரே பட்டையும் ஒரு முழுப் பட்டை நகரும். கண்ணுக்கே தெரியாத அசைவு கண்ணுக்குத் தெரியும் அசைவாகிறது.

1950-களில் எடின்பரோவில் ஃபெராண்டி நிறுவனம் இதை உலோகம் வெட்டும் இயந்திரங்களில் பயன்படுத்தியது. பட்டறையில் வேலை செய்யும் மாணவர்கள் கிளாஸ் ஸ்கேல், டி.ஆர்.ஓ. என்று சொல்லும் சாதனம் அதன் வாரிசு. கண்ணாடிப் பட்டையில் 20 மைக்ரான் இடைவெளியில் கோடுகள். அதன்மேல் ஓடும் தலைப்பகுதியில் இன்னொரு சிறு கீற்றணி, ஒரு விளக்கு, ஒளி உணரிகள்.

ஓர் உணரி மட்டும் இருந்தால் எத்தனை கோடு கடந்தது என்று தெரியும். எந்தப் பக்கம் என்று தெரியாது. அதனால் இரண்டாவது உணரியை, கோட்டு இடைவெளியில் கால் பங்கு தள்ளி வைக்கிறார்கள். வலப்பக்கம் நகர்ந்தால் முதல் உணரி முந்தி ஒளிரும், இடப்பக்கம் நகர்ந்தால் இரண்டாவது முந்தும். யார் முந்தியது என்பதிலேயே திசை இருக்கிறது. இன்னொரு பயனும் உண்டு: ஒரு கோட்டு இடைவெளிக்குள் இரண்டு உணரிகளும் சேர்ந்து நான்கு நிலைகளைக் காட்டுவதால், 20 மைக்ரான் கோட்டிலிருந்து 5 மைக்ரான் அளவு கிடைக்கிறது. எண்ணும் சுற்றுக்குத் தெரிவதெல்லாம் ஒளி, இருள் என்ற இரண்டே செய்திகள். அவற்றைக் கால் பங்கு தள்ளி இரண்டு இடத்தில் கேட்டதால் தூரமும் கிடைத்தது, திசையும் கிடைத்தது.

கைக்குள் வந்த கருவி

இனி மவுஸுக்கு வருகிறேன். அதற்கும் முன்னோர் உண்டு. பிரிட்டிஷ் கடற்படையின் ராடார் திரையில் குறியை நகர்த்த ரால்ஃப் பெஞ்சமின் 1946-ல் ஓர் உருளும் பந்தை அமைத்தார்; அது போர்த்துறை ரகசியமாகவே இருந்தது. அதை அறியாமல் 1952 வாக்கில் கனடாவின் கடற்படைத் திட்டத்துக்காக டாம் கிரான்ஸ்டன், ஃபிரெட் லாங்ஸ்டாஃப், கென்யன் டெய்லர் ஆகிய மூவரும் இன்னொரு உருள்பந்தைச் செய்தார்கள். அவர்களுக்குப் பந்தாகப் பயன்பட்டது ஒரு பௌலிங் பந்து.

டக்ளஸ் ஏங்கல்பார்ட் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் ராடார் தொழில்நுட்பராக இருந்தவர். மனிதரின் அறிவாற்றலைக் கணினியால் பெருக்க முடியும் என்ற நம்பிக்கையை வாழ்நாள் பணியாக ஏற்றவர். திரையில் ஓர் இடத்தைச் சுட்ட எது சிறந்த வழி என்று யோசித்தபோது, அவருக்கு நினைவு வந்தது பரப்புமானி. வரைபடத்தின் ஓரத்தைத் தடவிப் பரப்பளவைச் சொல்லும் அந்த எளிய கருவியை 1854-ல் சுவிட்சர்லாந்தின் யாகோப் ஆம்ஸ்லர் உருவாக்கியிருந்தார். அதில் ஒரு சிறு சக்கரம் உண்டு. சக்கரத்தின் போக்கில் இழுத்தால் உருளும். குறுக்கே இழுத்தால் உருளாமல் வழுக்கும். அப்படியானால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள் வைத்தால்? எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒன்று கிடைமட்ட அசைவையும், மற்றது நெடுக்கு அசைவையும் தனித்தனியே எடுத்துக்கொள்ளும். மவுஸின் கருத்து முழுவதும் இதுதான்.

அதைச் செய்து கொடுத்தவர் பில் இங்கிலிஷ் என்ற பொறியாளர். 1964-ல் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கைக்கு அடங்கும் ஒரு மரக்கட்டையைக் குடைந்து, அடியில் இரண்டு உலோகச் சக்கரங்களையும், சுழற்சியை மின்னழுத்தமாக மாற்றும் மின்தடைகளையும், மேலே ஒரு பொத்தானையும் பொருத்தினார். செய்ததோடு நிற்கவில்லை. ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், முழங்காலால் நகர்த்தும் கருவி ஆகியவற்றோடு மவுஸை ஒப்பிட்டு ஆட்களை வைத்துச் சோதித்தார்கள். பழகியவர்கள் கையில் மவுஸே வேகமாகவும் பிழை குறைவாகவும் இருந்தது. அந்த ஆய்வுக் கட்டுரை 1967-ல் வெளியானபோது முதல் பெயர் இங்கிலிஷ் உடையது. 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏங்கல்பார்ட் நடத்திய புகழ்பெற்ற 90 நிமிடச் செயல்விளக்கத்தைத் திரைக்குப் பின்னால் ஒருங்கிணைத்தவரும் அவரே. 1970-ல் வழங்கப்பட்ட காப்புரிமையில் இருப்பது ஏங்கல்பார்ட்டின் பெயர் மட்டும்.

அதே 1968-ல், அந்தச் செயல்விளக்கத்துக்குச் சில வாரங்கள் முன்பாகவே, ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனம் ரைனர் மால்லெப்ரைன் வடிவமைத்த உருள்பந்துக் கருவியை அறிவித்திருந்தது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மேசைக்காகத் தாம் செய்த உருள்பந்தைத் தலைகீழாகத் திருப்பி மேசைமேல் ஓடவிட்டார் அவர். போதிய புதுமை இல்லை என்று சொல்லிக் காப்புரிமை அலுவலகம் அதை ஏற்கவில்லை. இங்கிலிஷும் ஜெராக்ஸ் ஆய்வகத்துக்குச் சென்றபின் 1972 வாக்கில் சக்கரங்களுக்குப் பதில் பந்தை வைத்தார்.

பந்து மவுஸைத் திறந்து பார்த்த தலைமுறைக்கு அதன் உள்ளே இருந்தது நினைவிருக்கும். பந்தோடு சேர்ந்து சுழலும் இரண்டு உருளைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் துளைகள் வெட்டிய சக்கரம், சக்கரத்தின் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஒளி உணரி. உணரிகள் எப்படி வைக்கப்பட்டிருந்தன? துளை இடைவெளியில் கால் பங்கு தள்ளி. எடின்பரோவில் இரும்பு வெட்டும் இயந்திரத்துக்குத் திசை சொன்ன அதே ஏற்பாடு, எழுதுமேசையில் ஒரு மாணவியின் கைக்குத் திசை சொன்னது.

பரப்பையே படிக்கும் கண்

பந்தில் தூசி ஒட்டும், உருளையில் அழுக்குப் படியும். அசையும் உறுப்பே இல்லாமல் அசைவை அளக்க முடியுமா? 1980-ல் இருவர் தனித்தனியே முயன்றார்கள். ஸ்டீவ் கிர்ஷ் கட்டம் வரைந்த தனிப் பலகைமேல் ஓடும் மவுஸைச் செய்தார். ஜெராக்ஸில் ரிச்சர்ட் லையன் புள்ளிகள் அச்சிட்ட தாளின்மேல் ஓடும் மவுஸைச் செய்தார். லையனின் சில்லில் 4-க்கு 4 என்று பதினாறே உணரிகள். நம் விழித்திரையில் ஒளி பெற்ற செல் தன் அண்டைச் செல்லை அடக்குவதுபோல, ஒரு புள்ளியைக் கண்ட உணரி அருகில் உள்ளவற்றை அடக்கும்படி அவர் அமைத்தார்.

தனிப் பலகையும் தேவையில்லை என்ற நிலை 1999-ல் வந்தது. ஹ்யூலெட் பேக்கர்டு ஆய்வகங்களில் உருவாகி, அஜிலென்ட் நிறுவனத்தின் வழியே சந்தைக்கு வந்த உணரி அது. பரப்பின்மேல் சாய்வாக ஒளி விழும்போது அதன் நுண்ணிய மேடு பள்ளங்கள் நிழல் விடும். உணரி அதைச் சிறு சிறு படங்களாக விநாடிக்கு 1,500 முறை எடுத்து, ஒவ்வொரு படத்தையும் முந்தையதன்மேல் நகர்த்திப் பொருத்திப் பார்க்கிறது. எந்த நகர்வில் நன்றாகப் பொருந்துகிறதோ, அதுவே மவுஸ் நகர்ந்த தூரமும் திசையும். தெளிந்த கண்ணாடிமேல் அது தடுமாறுவதற்கும் காரணம் இதுவே: அங்கே நிழல் விட மேடு பள்ளம் இல்லை.

கைப்பேசிக்குள் இருக்கும் முடுக்க உணரியில், சிலிக்கனில் செதுக்கிய நுண்ணிய நிறை ஒன்று நுண்ணிய வில்களில் தொங்குகிறது. கார்களின் காற்றுப்பைகளுக்காக 1990-களில் பெருமளவில் செய்யத் தொடங்கியது பின்னர் விளையாட்டுக் கருவிகளுக்கும் கைப்பேசிக்கும் வந்தது. இன்னொரு முனையில், அமெரிக்காவின் லைகோ ஆய்வகம் மைக்கேல்சனின் குறுக்கீட்டுமானியை 4 கிலோமீட்டர் நீளக் கைகளோடு கட்டி, 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலையைப் பிடித்தது. அது உணர்ந்த நீள மாற்றம் புரோட்டானின் அளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே வகை ஆய்வகம் மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமைய இந்திய அரசு 2023-ல் ஒப்புதல் தந்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

லைகோ போன்ற ஒரு கருவியைக் கட்டக் கோட்பாடு தெரிந்தவர்கள் மட்டும் போதாது. ஆடி மெருகேற்றத் தெரிந்தவர், வெற்றிடக் குழாய் பற்றவைக்கத் தெரிந்தவர், அதிர்வை அடக்கத் தெரிந்தவர் வேண்டும். நம்மால் முடியுமா என்ற ஐயம் யாருக்கும் வேண்டாம். ஜவ்வாது மலையில் காவலூரில் 1986-ல் இயங்கத் தொடங்கிய வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடியை, பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில் ஏ.பி. ஜெயராஜன் தலைமையில் நம்மவர்களே தேய்த்து மெருகேற்றினார்கள். அந்தத் தொலைநோக்கிக்குப் பெயர் சூட்டும்போது அதைக் கனவு கண்ட வைணு பாப்புவை நினைத்தோம், அது சரியானதே. ஆடியைத் தேய்த்தவர்களையும் நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இந்த அவையில் உள்ள ஆசிரியர்களிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். ஒன்று: செய்முறைத் தேர்வில் எதிர்பார்த்த விடை வந்ததா என்று பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். பிழை எங்கிருந்து வந்தது என்று கண்டுசொல்லும் மாணவருக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். ரோலண்ட் செய்தது அதுதான். இரண்டு: பழுதாகி மூலையில் கிடக்கும் கருவிகளை ஏலத்துக்கு அனுப்புமுன் மாணவர்கள் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு பழைய பந்து மவுஸும், ஒரு சி.டி.யும், ஒரு லேசர் பேனாவும் இருந்தால் போதும். சி.டி.யின் தடங்களுக்கிடையே 1.6 மைக்ரோமீட்டர், ரோலண்டின் கோடுகளைவிட அது சற்று நெருக்கம். சுவரில் விழும் ஒளிப்புள்ளிகளின் தூரத்தைச் சாதாரண அளவுகோலால் அளந்து, அந்த இடைவெளியை முதலாண்டு மாணவரே கணக்கிட்டுவிடலாம். மூன்று: ஆய்வுக் கட்டுரை எழுதும்போது, கருவியைச் செய்து தந்த பட்டறைப் பணியாளரின் பெயரையும் கட்டுரையில் எழுதுங்கள். உங்கள் அளவீட்டில் அவர் கை இருக்கிறது.

மாணவர்களே, உங்களில் பலருடைய வீட்டில் லேத் ஓட்டுபவரோ, வெல்டிங் செய்பவரோ, கடிகாரம் பழுதுபார்ப்பவரோ இருக்கலாம். அந்தத் தொழிலிலிருந்து தப்பிப்பதற்காகவே கல்லூரிக்கு வந்ததாக எண்ணாதீர்கள். அவர்களிடம் உள்ள கைப்பழக்கம் உங்கள் கணிதத்தோடு சேர்ந்தால் அதுவே பெரிய மூலதனம். இரும்பாலைப் பணியாளர் பிராஷியரும், துணித் தொழில் பழகிய ராம்ஸ்டனும் அறிவியல் வரலாற்றில் நின்றது அந்தக் கைப்பழக்கத்தால்தான். இந்தப் பருவம் முடிவதற்குள் ஏதாவது ஓர் அசைவை அளக்கும் கருவியை உங்கள் கையாலேயே செய்யுங்கள். அதன் பிழை எவ்வளவு என்று எழுதி, உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.